நீர்மட்டம்: முழு

என் தோட்டத்து நீராவி எஞ்சினைப் பற்றி நெய்வேலியில் இரண்டு செய்திகள் நிலைத்துவிட்டன. அதைக் கடைசித் திருகாணி வரை நானே செய்தேன் என்பது ஒன்று. அதன் பாய்லர் ஒட்டுக் கோளாறால் கெட்டுப்போனது என்பது மற்றொன்று. இரண்டும் என்னிடமிருந்து புறப்பட்டவை. இரண்டையும் திரும்பப் பெற நான் முயன்றேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் அனல்மின் நிலையத்தின் பாய்லர் பிரிவில் பணியாற்றி, ஒரு மெமோகூட வாங்காமல் வெளியே வந்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. அந்தப் பெயரே இதில் எனக்கு எதிராக நின்றது.

2011 இறுதியில் கடலூர் மாவட்டத்தை அடித்துப்போட்ட புயல், எங்கள் குவார்ட்டர்ஸ் தோட்டத்திலிருந்த இரண்டு மாமரங்களையும் ஒரு பலா மரத்தையும் வேரோடு சாய்த்தது. மரங்களை அறுத்து அகற்றிய பிறகு, வீட்டைச் சுற்றி அதுவரை நான் அறியாத ஒரு வெட்டவெளி கிடைத்தது. கல்லூரி நாட்களில் ஒரு வெளிநாட்டு இதழிலிருந்து நான் படியெடுத்து வைத்திருந்த வரைபடங்கள் பெட்டியின் அடியில் இருந்தன. ஏழேகால் அங்குல இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடும் நீராவி எஞ்சின். பின்னால் கோக்கப்படும் சிறு வண்டிகளில் பெரியவர்களே கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து போகலாம். பணி ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. மகன் வெளிநாட்டில் இருந்தான். நான் வரைபடங்களை எடுத்து மேசைமேல் விரித்தேன்.

அதே புயல்தான், எஞ்சின் வேலையில் எனக்குக் கைகொடுத்த ஃபிட்டரையும் நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்துக்குக் கொண்டுவந்தது. காடாம்புலியூரில் அவருடைய மாமனாரின் முந்திரித் தோப்பு ஒரே இரவில் படுத்துவிட்டது. அதற்குமுன் பண்ருட்டிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் பார்த்தவர். மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வாடகை வீட்டுக்கு வந்து, ஒப்பந்த வேலையில் சேர்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் பூசை முடிந்ததும், வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு என் கார் ஷெட்டுக்கு வருவார். இங்கே அவரை ‘அவர்’ என்று எழுதுகிறேன். நேரில் ஒருமையில்தான் அழைத்து வந்தேன். என்னைவிட இருபது வயது இளையவர், ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அதில் எனக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை.

முதல் நாள் நான் கேட்டது நினைவிருக்கிறது.

“ஏம்ப்பா, செம்புத் தகட்டுல வெள்ளி ஒட்டு போட்டிருக்கியா?”

“மில்லுல செம்புக் குழாயி போட்டிருக்கேங்க சார். தகடு போட்டதில்லை. சூடு சொல்றத கேட்டுகினே போனா ஒட்டு தானா ஓடுமுங்க.”

“சூடு பேசுமா உன்கிட்ட?”

“நம்மகிட்ட பேசறதுக்கு வேற யாருங்க சார் இருக்கா?” என்று சிரித்தார்.

அவர் சொன்னது போலவே ஆயிற்று. கனமான செம்புத் தகடுகளை வளைத்து, நெருப்பறையைப் பொருத்தி, இரண்டு பர்னர்களால் ஒரே சீராகச் சிவக்கக் காய்ச்ச வேண்டும். ஒரு பர்னர் என் கையில். மற்றது அவருடைய இடக்கையில். வலக்கையில் வெள்ளிக் கம்பி. செம்பின் நிறம் மாறும் அந்தச் சில விநாடிகளில் கம்பியைத் தொட்டு இழுப்பார். உருகிய வெள்ளி இடுக்குக்குள் நீர்போல் ஓடி மறையும். நான் கணக்கிட்டுச் சொன்ன இடத்தில் எல்லாம் அவர் கை ஓட்டிக் கொடுத்தது. முடிந்ததும் பாய்லரில் நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதித்தேன். அரை மணி நேரம் முள் அசையவில்லை. ஒரு சொட்டு கசியவில்லை. நான் லாக் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். அவர் பாய்லரின் வயிற்றில் இரண்டு தட்டு தட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

லாக் புத்தகம் என் பழக்கம். ஷிப்டில் இருந்த காலத்திலிருந்தே, எழுதாத ஒன்றை நடந்ததாக நான் ஏற்பதில்லை. தோட்டத்து எஞ்சினுக்கும் நீண்ட அட்டைப் புத்தகம் ஒன்று போட்டேன். எரிபொருள், அழுத்தம், நீர்மட்டம், எண்ணெய், ஓடிய சுற்றுகள் என்று பத்திகள். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பதிவு. புத்தகத்தில் ஃபிட்டரின் பெயர் எங்கும் இல்லை. ஓட்டுநர் என்ற இடத்தில் என் கையொப்பம் மட்டும் இருந்தது. பிளாக்கில் உள்ளவர்கள் வந்து வியந்தபோது, “எல்லாம் நீங்களேவா சார்?” என்று கேட்டார்கள். “வேறு யார்?” என்றேன். அவர் அப்போது சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

எஞ்சினை ஓட்டுவது அரை நாள் வேலை. அதைப் பேணுவது மீதி நாட்களின் வேலை. முந்தைய ஓட்டத்தின் சாம்பலைக் கிளற வேண்டும். நெருப்புக் குழாய்கள் ஒவ்வொன்றிலும் கம்பித் தூரிகையை விட்டு இழுக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறிய சவுக்குச் சிராய்களைப் பற்ற வைத்து, அதன்மேல் கரிக்கட்டிகளைப் போட வேண்டும். எங்கள் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரியைச் சுட்டு, வீட்டு அடுப்புகளுக்காக ஒரு காலத்தில் விற்ற கரிக்கட்டிகள் அவை. அவற்றின் உற்பத்தி நின்றபோது நான் பத்து மூட்டை வாங்கி ஷெட்டில் அடுக்கியிருந்தேன். நெய்வேலி எஞ்சின் நெய்வேலிக் கரியில்தான் ஓட வேண்டும் என்பது என் பிடிவாதம். நீராவி எழ முக்கால் மணி நேரம் ஆகும். மிகுந்த ஆவியை வெளியே விடும் சேஃப்டி வால்வு சீறத் தொடங்கினால் வண்டி தயார் என்று பொருள்.

இந்த இடத்தில் நீர்மட்டக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாய்லரின் பின்முகத்தில், விரல் தடிமனில் ஒரு கண்ணாடிக் குழாய் செங்குத்தாக நிற்கும். உள்ளே நீர் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் குழாயிலும் ஒரு கோடு தெரியும். கோடு குழாயின் அடிக்குக் கீழே போய்விட்டால், நெருப்பறையின் கூரைத் தகடு நீரின்றிக் காயும், செம்பு பழுக்கும், வெள்ளி ஒட்டு இளகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. குழாய் முழுதும் நீர் நிறைந்திருந்தாலும் கோடு தெரியாது. குழாயில் நீரே இல்லாவிட்டாலும் கோடு தெரியாது. இரண்டும் ஒரே தெளிந்த கண்ணாடியாகத்தான் கண்ணுக்குப் படும்.

ஃபிட்டருக்கு ஆலையில் படிந்த பழக்கம் ஒன்று இருந்தது. வண்டியை நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குழாயின் அடியிலுள்ள சிறு திருகைத் திறப்பார். நீரும் ஆவியும் ‘புஸ்’ஸென்று தரையில் பீச்சும். மூடியதும் நீர் மீண்டும் குழாயில் ஏறி நிற்பதைப் பார்ப்பார். “ம், இருக்குது” என்பார். இதற்குக் கண்ணாடியைக் கழுவிப் பார்ப்பது என்று பெயர். சுற்றிலும் ஈரமாகும், நிற்பவர் கால்களில் தெறிக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. எங்கள் பெரிய பாய்லர்களில் நீர்மட்டம் பச்சையாகவும் ஆவி சிவப்பாகவும் விளக்கொளியில் தெரியும். பச்சையா சிவப்பா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். அந்த நிறங்களைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு.

“இது என்ன அரிசி ஆலையாப்பா? ஓயாம கழுவிக்கிட்டு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆலையா இருந்தாலும் ஐயா வூட்டு ரயிலா இருந்தாலும் தண்ணிக்குத் தெரியாதுங்களே சார்.”

அதைத் துடுக்காகவே எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெறவிருந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் இறுதியில், ஒரு ஞாயிறன்று அவர் வேலையை நிறுத்திவிட்டு ஷெட் வாசலில் நின்றார்.

“சார், ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேள்.”

“பெரிய பாய்லர நிறுத்திப் பழுது பாக்கற ஓவராயில் கான்ட்ராக்ட்டுல ஹை பிரஷர் வெல்டருக்கு ஆளு எடுக்கறாங்களாம். டெஸ்ட்டுல பாஸ் பண்ணா கார்டு தருவாங்க. அந்தக் கார்டு கைக்கு வந்துட்டா நான் எந்த ஊருக்குப் போயும் பொழச்சிக்குவேங்க. இப்பிடி நாள்கூலிக்கு பிளான்ட் கேட்டுல நின்னுகினு இருக்க வாணாம். ஆனா டெஸ்ட்டுல உக்கார வைக்கணும்னா பெரியவங்க யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லணுமாம்.”

அந்த ஒப்பந்த நிறுவனத்தின் தளப் பொறுப்பாளர் எனக்கு நன்கு பழக்கமானவர். நான் அவரிடம் பேசினேன். பாய்லரின் ஒட்டு வேலை மட்டும் இவன் போட்டது என்று, தனியாக, குரலைத் தாழ்த்திச் சொன்னேன். “செம்பு பாய்லருக்கு வெள்ளி ஒட்டா? அப்ப கை நல்ல கையாத்தான் இருக்கும். நேர்ல வந்து பார்க்கிறேன் சார். பார்த்துட்டு அவரை உட்கார வைக்கிறேன். உங்க வார்த்தை இருக்கே, அது போதும்” என்றார் பொறுப்பாளர். காணும் பொங்கலன்று வருவதாக முடிவாயிற்று. அன்று எங்கள் உயர் அதிகாரியும் அவர் மனைவியும் வரவிருந்தார்கள். பணியிலிருந்து விடைபெறும் முன் என் எஞ்சினை எல்லாரும் பார்க்கட்டும் என்று நானே அழைத்திருந்தேன்.

ஃபிட்டர் அன்று காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். புதுச் சட்டை போட்டிருந்தார். பித்தளைப் பாகங்களை எலுமிச்சையும் சாம்பலும் வைத்துத் துலக்கினார். பத்து மணிக்கு நீராவி தயார். விருந்தினர் வந்தபோது பதினொன்றைத் தாண்டிவிட்டது. அந்த ஒரு மணி நேரமும் எஞ்சின் நின்ற இடத்திலேயே சேஃப்டி வால்வு வழியாகச் சீறிக்கொண்டிருந்தது. ஆவியோடு குறையும் நீரை ஈடுகட்ட ஃபிட்டர் கைப் பம்பால் நீர் ஏற்றிக்கொண்டிருந்தார். வாசலில் கார் நின்றதும் நான் அவரை நிறுத்தினேன்.

“பம்பை விடு. உள்ளே போய் டீ டிரேயை எடுத்துட்டு வா.”

“தண்ணி இன்னும் கொஞ்சம்…”

“நான் பார்த்துக்கறேன். போ.”

அவர் போனார். நான் பார்த்துக்கொள்ளவில்லை. அதிகாரியை வரவேற்றேன், தண்டவாளத்தின் வளைவுகளை விளக்கினேன், ஒவ்வொரு பாகத்தையும் எப்படிச் செய்தேன் என்று சொன்னேன். ஃபிட்டர் தட்டோடு நாற்காலிகளுக்கிடையே போய்வந்து, காலிக் கோப்பைகளைப் பொறுக்கி, திரும்பி வந்து நின்றபோது புறப்பட நேரமாகியிருந்தது. நான் கண்ணாடியைப் பார்த்தேன். கோடு இல்லை. தெளிந்த கண்ணாடி. காலையிலிருந்து அவர் பம்ப் அடித்ததைக் கண்டிருந்தேன். ஆகவே நிறைந்திருக்கிறது என்று கொண்டேன். லாக் புத்தகத்தை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி எழுதினேன்: நீர்மட்டம் – முழு.

“சார், ஒரு வாட்டி கழுவிப் பாத்துடறேனுங்க” என்று குனிந்தார் அவர்.

என் பின்னால் முதல் வண்டியில் அதிகாரியின் மனைவி அமர்ந்திருந்தார்.

“அம்மா பட்டுப் புடவையில உட்கார்ந்திருக்காங்க. சுடுதண்ணி தெறிக்கும். எழுந்திரு.”

“துணி புடிச்சுக்கறேங்க சார்.”

“எழுதியாச்சுப்பா. நகரு.”

பின்னாலிருந்து பொறுப்பாளர் சிரித்தார்: “என்ன பாஸ், சாருக்கே பாய்லர் சொல்லித் தரீங்களா?” எல்லாரும் சிரித்தார்கள். அவரும் ஒரு சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

இரண்டு சுற்றுகள் நன்றாக ஓடியது. கைதட்டினார்கள். வீட்டின் சமையலறைப் பக்க மூலையில், கரி போடுவதற்காக நிறுத்தினேன். நடந்து வந்துகொண்டிருந்த ஃபிட்டர் மண்டியிட்டு நெருப்பறைக் கதவைத் திறந்து, இடுக்கியால் கரிக்கட்டியை உள்ளே நீட்டினார். பெரிய வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு முதியவர் பலமாக இருமியதைப் போல் ஒரு சத்தம். அவ்வளவுதான். அடுத்த கணம் கதவு வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வெண்ணிற ஆவியும் சாம்பலும் பீறிட்டன. அவர் வலக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். ஆவி அடங்கியபோது புதுச் சட்டை முழுதும் சாம்பலாக இருந்தது.

“என்ன ஆச்சு?” என்று அதிகாரி கேட்டார்.

எனக்கு அந்த நொடியிலேயே தெரியும். கூரைத் தகடு நீரின்றிக் காய்ந்திருந்தது. நான் சொன்னேன்: “ஒட்டு விட்டுடுச்சு சார்.”

அது பொய்யல்ல. ஒட்டு விட்டுத்தான் இருந்தது. ஏன் விட்டது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

“தண்ணி?” என்றார் பொறுப்பாளர். நான் லாக் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவர் படித்தார். பிறகு, தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். “வெள்ளி ஒட்டு இவர் போட்டதுதானே சார்?” என்று மெல்லக் கேட்டார். நான் லாக் புத்தகத்தை மூடினேன். மறுக்கவில்லை.

அவரை என் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அதுவரை என் காரில் அவர் ஏறியதில்லை. வழியில் அவர் சொன்ன ஒரே சொல், “சீட்டுல சாம்பல் ஒட்டுதுங்க சார்.”

அன்று மாலை என் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, முப்பது ஆண்டு நெய்வேலி வாழ்க்கையும் அவள் பேச்சை மாற்றவில்லை.

“ஓடுன வரைக்கும் நீங்க செஞ்சது. நின்னதுக்கப்புறம் அவரு செஞ்சதாக்கும்?”

“உனக்கு பாய்லர் தெரியாது.”

“பாய்லர் தெரியாதுங்க. உங்களத் தெரியும்லா.”

டெஸ்ட்டுக்கு அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கை ஆறி வந்த பிறகு அவர் மறுபடியும் கேட்டில் நாள்கூலிக்கு நின்றார். அங்கே அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ‘புட்டுக்கிச்சு’ என்று. ஒட்டு விட்டதற்காக. எவரேனும் வெல்டிங் வேலைக்கு ஆள் கேட்டால், “நம்ம புட்டுக்கிச்சு இருக்காரே” என்று சொல்லிச் சிரிப்பார்களாம்.

ஏப்ரலில் நான் அவரை வரச் சொன்னேன். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். தண்டவாளங்களைப் பெயர்க்க வேண்டும். பாய்லர் இனி ஓடாது, உள்ளே என்ன ஆயிற்று என்று அறுத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வரமாட்டார் என்று நினைத்தேன். ஞாயிறு பத்து மணிக்கு வந்தார். வலக்கையின் இரண்டு விரல்கள் நீட்டியபடியே நின்றன.

பாய்லரை நெடுக்காக அறுக்க மதியம் வரை ஆயிற்று. இரண்டு பாதிகளையும் சிமெண்டுத் தரையில் மல்லாத்தி வைத்தார். பக்கவாட்டு ஒட்டுகள், அடி ஒட்டுகள், குழாய் ஒட்டுகள் எல்லாம் அவர் போட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருந்தன. கூரைத் தகட்டில் மட்டும் செம்பு நீலமும் கருப்புமாகக் கருகி, உட்பக்கம் தொங்கியிருந்தது. அங்கே இருந்த ஒட்டுகள் மட்டும் உருகி வழிந்திருந்தன. நீர் எந்த உயரத்தோடு நின்றிருந்தது என்பதைக் காட்டும் கோடு, கோலால் இழுத்தது போல், தகட்டில் படிந்திருந்தது. கூரைக்குக் கீழே இரண்டு அங்குலம்.

அவர் அந்தக் கோட்டின்மேல் சுண்டுவிரலை வைத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

“மத்த ஒட்டெல்லாம் இருக்குதுங்க சார்” என்றார்.

“இருக்கிறது.”

“சரிங்க.” ரம்பத்தைத் துடைத்து, இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் எதையாவது சொல்வேன் என்று அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கேட் வரை மெதுவாகப் போனார் என்று இப்போது தோன்றுகிறது. கேட்டை மூடினார்.

மறுநாள் நான் பொறுப்பாளரின் அலுவலகத்துக்குப் போனேன். இத்தனை ஆண்டுகளில் ஒப்பந்தக்காரரின் தகரக் கொட்டகைக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுவே முதன்முறை. அவர் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்தார். நான் உட்காராமல் சொன்னேன். பாய்லரில் நீர் இல்லை, நான் கண்ணாடியைத் தவறாகப் பார்த்தேன், கழுவிப் பார்க்கக் கேட்டவரை நானே தடுத்தேன், ஒட்டில் குறையில்லை.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மரியாதை இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

“சார், நீங்க தண்ணியில்லாம பாய்லர் ஓட்டுனீங்களா? நீங்களா? வேற யாராவது சொன்னா நம்பலாம்.”

“நடந்ததைச் சொல்கிறேன்.”

“லாக் புக்கை நீங்களே காட்டுனீங்களே சார். ஃபுல்லுன்னு உங்க கையெழுத்துல இருந்துச்சே. உங்க லாக்கை நம்பி யூனிட்டையே நிறுத்தியிருக்காங்க, எங்களுக்குத் தெரியாதா? அந்தப் பையன் குடும்பம் கஷ்டப்படுதுன்னு உங்க மேல போட்டுக்கறீங்க. உங்க மனசு யாருக்கும் வராது சார்.”

“அறுத்து வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள்.”

“பார்க்கணுமா சார் அதை? விடுங்க. அப்புறம், ஓவராயில் ஆளெல்லாம் எடுத்து முடிச்சாச்சு. அந்தக் கைய வெச்சுக்கிட்டு ஹை பிரஷர்ல அவரால நிக்கவும் முடியாது. காபி சாப்பிடறீங்களா?”

காபி வந்தது. குடித்தேன்.

என் பணி நிறைவு விழாவில் பொறுப்பாளர் பேசினார். எனக்குப் பொன்னாடை போர்த்திய பிறகு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, பெயரைச் சொல்லாமல், ஒரு தொழிலாளியின் பிழையைத் தன் பிழையென்று வந்து சொன்ன பெரிய மனிதரின் கதையைச் சொன்னார். அரங்கம் கைதட்டியது. கதவருகே நின்றிருந்தவர்களுக்கிடையே ஃபிட்டர் இருந்தார். விழாவுக்கு நாற்காலி அடுக்க ஒப்பந்த ஆட்களை அழைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்றவன் அவர் விலாவில் இடித்து ஏதோ சொன்னான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்புரைக்கு என்னை அழைத்தார்கள். முந்தைய நாளே எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் பத்தியில் அந்தக் காணும் பொங்கல் இருந்தது, கண்ணாடி இருந்தது, ‘அவர் கேட்டார், நான் தடுத்தேன்’ என்ற வரி இருந்தது. தாளை விரித்தேன். முதல் இரண்டு பத்திகளைப் படித்தேன். முன்வரிசையில் அதிகாரி புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி மடியில் கைகளைக் கோத்து, தரையைப் பார்த்திருந்தாள். நான் தாளை மடித்தேன். அனைவருக்கும் நன்றி கூறினேன். அமர்ந்தேன். மீண்டும் கதவைப் பார்த்தபோது அங்கே அவர் இல்லை.

தண்டவாளங்களைப் பழைய இரும்புக் கடைக்காரர்கள் வந்து எடுத்துப் போனார்கள். நாங்கள் வடலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குக் குடியேறினோம். எஞ்சினின் சட்டமும் சக்கரங்களும் இப்போது அந்த வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கட்டைகளின்மேல் நிற்கின்றன. பாய்லர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. வாரம் ஒருமுறை சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றுகிறேன். பழக்கம்தான்.

குடியேறிய சில மாதங்களில் ஒருநாள், லாக் புத்தகத்தைத் திறந்தேன். பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்த ஒரு முறை உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது. படிக்க முடிகிற அளவில் ஒரே கோட்டால் அடித்து, சரியானதை மேலே எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். ‘முழு’ என்பதை அடித்தேன். மேலே ‘இல்லை’ என்று எழுதினேன். கீழே, கழுவிப் பார்க்கக் கேட்டவரின் பெயரையும், மறுத்தவன் நான் என்பதையும் எழுதினேன். கையொப்பமிட்டேன். புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பண்ருட்டிப் பேருந்தில் ஏறி, காடாம்புலியூரில் இறங்கினேன். மந்தாரக்குப்பம் வீட்டை விட்டு அவர் அங்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஒரு முந்திரிக் கம்பெனியில், கொட்டையை வேகவைக்கும் சிறிய பாய்லர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி என்னைக் கண்டதும் குரல் கொடுத்தாள். பக்கத்திலிருந்தவள் சொன்னாள், ஃபிட்டரின் மனைவி அவள்தான் என்று.

“ரயிலு சாரா? வாங்க. எங்க வூட்டுக்காரரு கைய பாக்க வந்தீங்களா?”

“ஏ, சும்மாரு” என்றார் அவர். என்னிடம் ஒரு முக்காலியைத் தள்ளினார். “வாங்க சார். ஒக்காருங்க.”

நான் உட்காரவில்லை. புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் கைகளை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நீட்டி நின்ற இரு விரல்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே புத்தகத்தை இடுக்கிப் பிடித்து, வரிவரியாக, உதடு அசையப் படித்தார். தன் பெயர் இருந்த இடத்தில் சற்று நின்றார். அவர் மனைவி கொட்டை உடைப்பதை நிறுத்திவிட்டாள்.

“இன்னா எழுதியிருக்குது?” என்றாள்.

“தண்ணி இல்லைன்னு எழுதியிருக்காரு.”

“அதான் நமக்குத் தெரியுமே.”

அவர் புத்தகத்தை மூடி, மேலட்டையில் ஒட்டிய கொட்டைத் தோல் தூளை ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார்.

“கையெழுத்துலாம் போட்டிருக்கீங்க சார். இத யாருகிட்ட கொண்டு போயி காட்டறதுங்க நானு?”

நான் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்தேன். “டீ சாப்புடறீங்களா சார்?” என்றார். வேண்டாம் என்றேன். அடுத்த ஈடு கொட்டையை அவிக்க நேரமாகியிருந்தது. அவர் பாய்லரின் பக்கம் திரும்பி, குனிந்து, கண்ணாடியின் அடியிலிருந்த திருகை இடக்கையால் திறந்தார். நீரும் ஆவியும் பீச்சி என் வேட்டியில் தெறித்தன. நான் விலகவில்லை. திருகை மூடினார். நீர் குழாயில் மெல்ல ஏறி, பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது.

“ம், இருக்குது” என்றார், யாரிடமும் இல்லாமல்.